மூன்றாம் தப்புக்குப் பிறகு

தாளில் இன்னும் சூடு ஆறவில்லை, பிரிண்டரிலிருந்து உருவி நேராக ஓடி வந்து கொடுத்துவிட்டுப் போகிறாள் அந்தப் பெண், கழுத்தில் நீல நாடா, கணினி நிரல் எழுதும் போட்டியை நடத்தும் இந்தக் கோயம்புத்தூர்க் கல்லூரிக்காரி, "இந்தாங்க, உங்க பிரிண்ட்டுங்க, தண்ணி ஏதாச்சும் வேணுங்களா?" என்று கேட்டாள், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன், தண்ணீரை வைத்து நான் என்ன செய்ய, தப்பு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், அதைக் கொண்டுவந்து தர எந்த நாடாக்காரிக்கும் உத்தரவில்லை. ஒன்றரைப் பக்க நிரல். என் கையால் தட்டியது. திரையில் இருந்தபோது யாரோ பெரிய அறிவாளி எழுதியதுபோல இருந்தது, இப்போது வெள்ளைத் தாளில் பார்த்தால் இதுவா நான் என்று இருக்கிறது. பென்சிலை எடு இசக்கி. எடுத்தாயிற்று. முதல் வரியிலிருந்து படி. படிக்கிறேன். பக்கத்தில் அனிபா தட்டிக்கொண்டிருக்கிறான், படபடவென்று இல்லை, நின்று நின்று, அவன் எப்போதும் அப்படித்தான், அவன் தோளுக்கு மேலே ஜெபசீலன் குனிந்து நிற்கிறான். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கணினி, போட்டியின் விதியே அதுதான், கீபோர்டு யாரிடமோ அவன் ராஜா, மற்ற இரண்டு பேரும் தாளும் பென்சிலுமாக வாய்பொத்தி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதற்கு மேல் ஜெபசீலன் எங்களுக்கென்று ஒரு சட்டம் போட்டிருக்கிறான், பயிற்சி நாட்களிலேயே போட்டது. ஒரே கணக்குக்கு மூன்று தப்பு வந்தால் பேசாமல் எழுந்துவிட வேண்டும், தன் நிரலை அச்செடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து தாளில் தேட வேண்டும். மறுபடி கணினி வேண்டுமென்றால் அதில் இருக்கிறவன் ஒரே ஒரு கேள்வி கேட்பான், தெரியுமா? தெரியும் என்றால் எழுந்து இடம் விடுவான். இருக்கலாம், தோணுது, போட்டுப் பாப்போம், இதெல்லாம் செல்லாது. நல்ல சட்டம் என்று நானும்தான் தலையாட்டினேன், அப்போது அது எனக்காகப் போட்ட சட்டம் என்று யார் கண்டார்கள். கொஞ்ச நேரம் முன்பு மூன்றாவது தடவையாகத் திரையில் 'தவறான விடை' என்று சிவப்பில் வந்தது, ஜெபா கூரையைப் பார்த்தான், அனிபா தன் பேனா மூடியைப் பார்த்தான், யாரும் எந்திரி என்று சொல்லவில்லை, நானே எழுந்தேன்.

கணக்கு என்னவோ ஒன்றும் பிரமாதமில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு வளையத்தில் மணிகள் கோத்திருக்கின்றன, ஒவ்வொரு மணியிலும் ஒரு ஆங்கில எழுத்து. கூடவே ஒரு சொல்லும் கொடுத்திருக்கிறார்கள். எந்தெந்த மணியில் தொடங்கி வலது பக்கமாகப் போனால் அந்தச் சொல்லைப் படிக்க முடியும், எத்தனை மணி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட விரலை வைத்து நகர்த்தி எண்ணிவிடும், மணிகள் பத்தோ இருபதோ இருந்தால். இவர்கள் லட்சக்கணக்கில் கோத்திருக்கிறார்கள், விரலை வைத்து நகர்த்தினால் கணினியே கிழடாகிவிடும். அதனால்தான் அந்த அட்டவணை, பின்வாங்கும் அட்டவணை என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம், சொல்லின் பாதிவரை பொருந்திவிட்டு அடுத்த எழுத்து பொருந்தாமல் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, இதுவரை பொருந்தியதில் எவ்வளவு இன்னும் செல்லுபடியாகும் என்று அட்டவணை சொல்லும், அந்த அளவுக்குப் பின்வாங்கினால் போதும். போன வருடம் எங்கள் கல்லூரிக்கு ஒருத்தர் வந்து பேசினார், கோட்டு சூட்டெல்லாம் போட்டு, இந்த அட்டவணையை வைத்தே ஒரு மணி நேரம் ஓட்டினார், தோற்றால் பூஜ்யத்துக்குப் போகாதீர்கள் நண்பர்களே, எது மிச்சமிருக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள், இதுதான் வாழ்க்கை என்றார், ஆடிட்டோரியமே கைதட்டியது, நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். அந்த மனுஷனைக் கூட்டிவந்து இந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். ஐயா, எது மிச்சமிருக்கிறது, கொஞ்சம் சொல்லுங்கள். கணினிக்கு அட்டவணையை முன்கூட்டியே போட்டுக் கொடுத்துவிடுகிறோம், எனக்கு யார் போட்டுக் கொடுத்தார்கள். படி இசக்கி, கதை விடாதே. மணிகளைப் படிக்கிறது, சரி. சொல்லைப் படிக்கிறது, சரி. அட்டவணை போடுகிறது, இதைத் தூக்கத்தில் கேட்டாலும் எழுதுவேன், சரி. வளையத்தை நேர்கோடாக்குகிறது, அதாவது எழுத்துகளை ஒருமுறை வரிசையாக எழுதி அதன் வாலில் அதையே இன்னொரு முறை ஒட்டினால் சுற்றி வருவதெல்லாம் நேராக வந்துவிடும், சரி. எல்லாம் சரி. எல்லாம் சரி என்றால் பிறகு என்ன எழவுக்குத் தவறான விடை.

எங்கே தவறு என்று விடை திருத்தும் இயந்திரம் சொல்லாது, எந்த உதாரணத்தில் தவறு என்றும் சொல்லாது, தவறு என்று மட்டும் சொல்லும், கல் மாதிரி உட்கார்ந்துகொண்டு. முதல் தடவை தப்பு வந்தபோது நான் பதறவில்லை. ஒட்டிய வாலில் தொடங்குகிறதையும் சேர்த்து எண்ணிவிட்டேன், ஒரே மணி இரண்டு தடவை கணக்கில் வந்துவிட்டது, கண்டுபிடித்தேன், கிடைச்சிட்டு என்று கத்தினேன், அப்போது அனிபா கணினியில் இருந்தான், தெரியுமா என்றான், தெரியும் என்றேன், எழுந்து இடம் விட்டான். தப்பு. ஒரு கேள்விக்குள்ளே பல வளையம் வரும், பழைய வளையத்துச் சொல்லின் அட்டவணையைத் துடைக்காமல் புதியதற்குப் போயிருக்கிறேன், அடடா என்றேன், தெரியும் என்றேன், துடைத்தேன், அனுப்பினேன். மறுபடியும் தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் தண்டனை நேரம் ஏறுகிறது என்பது ஒருபுறம், அதைவிட, தெரியும் என்று நான் சொன்னபோது அனிபாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, ஒவ்வொரு தடவையும் வந்தது, இரண்டாம் தடவையும் குறையாமல் வந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும். ஏல அனிபா, ஒரு வார்த்தை திட்டேன்.

அவன் சட்டையைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று காலையிலிருந்து பார்க்கிறேன், முடியவில்லை. நானும் ஜெபாவும் அணியின் மஞ்சள் டிசர்ட் போட்டிருக்கிறோம், அவன் மட்டும் வெளிர் நீலத்தில் முழுக்கைச் சட்டை, மடிப்பு கலையாமல் இஸ்திரி போட்டது, அவன் உம்மா போட்டது. டிசர்ட்டை மேலே மாட்டிக்கொள் என்றால் பரவால்ல இருக்கட்டும் என்கிறான். உம்மாவைப் பொறுத்தவரை அவன் இந்த நேரம் மதுரையில் இருக்கிறான், கம்பெனி வேலைக்கான தேர்வில், கோட்டு போட்டவர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். தேர்வும் இன்றைக்குத்தான், போட்டியும் இன்றைக்குத்தான். நானும் ஜெபாவும் அந்தக் கம்பெனியின் முதல் வடிகட்டலிலேயே போய்விட்டோம், அவன் ஒருத்தனுக்குத்தான் அழைப்பு வந்தது, எங்கள் வகுப்பிலேயே அவன் ஒருத்தனுக்கு. மூன்று பேர் இல்லாவிட்டால் அணியை உட்கார விடமாட்டார்கள். அவன் வரமாட்டான் என்றுதான் ஜெபா நினைத்தான், நியாயமும் அதுதான். நான்தான் கேண்டீனில் அவனைப் பிடித்து உட்கார வைத்துப் பேசினேன். "ஏல, ஸ்ட்ரிங் கணக்கு ஒண்ணு கண்டிப்பா வரும், அத நான் பாத்துக்கிடுதேன். நீ ஒண்ணு போடு, ஜெபா ஒண்ணு போடட்டும், மேல போயிருவோம். மேல போயிட்டோம்னா கம்பெனிக்காரனுவ நம்மளத் தேடி வருவானுவ." அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். "ஸ்ட்ரிங் நீ பாத்துக்கிடுவியா?" "நான் பாத்துக்கிடுதேன்ல." அவ்வளவுதான் பேச்சு, ஸ்ட்ரிங் என்றால் இந்த மணி வளையம் மாதிரி எழுத்து வரிசையில் தேடுகிற கணக்கு. நேற்றுச் சாயங்காலம் மதுரையில் பஸ் நின்றது, வெள்ளரிக்காய் விற்கிறவர்கள் ஏறினார்கள், அனிபா பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான், இறங்கினால் இறங்கலாம், அவன் மாமா வீடு அங்கேதான், நான் பின்சீட்டிலிருந்து பார்த்தேன், இறங்காதே இறங்காதே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன், பஸ் கிளம்பியது, அவன் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினான், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு சந்தோஷம். அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது.

ஏசிக் காற்று பிடரியில் நேராக அடிக்கிறது, தாளின் ஓரம் படபடக்கிறது, முழங்கையை அதன் மேல் வைத்துக்கொள்கிறேன். போட்ட ஒவ்வொரு கணக்குக்கும் மேசையில் ஒரு பலூன் கட்டிவிடுகிறார்கள், கணக்குக்கு ஒரு நிறம், மணி வளையத்துக்கு ஊதா. எங்கள் மேசையில் பச்சையும் மஞ்சளும் ஆடுகின்றன. முன்வரிசையில் சென்னைக் கல்லூரிக்காரர்கள், அவர்கள் மேசை ஏதோ பிறந்தநாள் வீடு. ஊதா அவர்களிடம் இருக்கிறது. ஜன்னலோர மேசையிலும் இருக்கிறது. வாசல் பக்கம் இப்போதுதான் ஒன்று கட்டுகிறார்கள், அவர்கள் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். கடைசி ஒரு மணி நேரம் தரவரிசைப் பலகையை நிறுத்தி வைத்துவிடுவார்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நிறுத்தும்போது நாங்கள் அடுத்த கட்டத்துக்குத் தேறுகிற கோட்டுக்கு ஒரு படி கீழே இருந்தோம், இன்னும் ஒன்று போட்டால் மேலே போய்விடலாம். ஒன்றே ஒன்று. அனிபா ஒரு வடிவியல் கணக்கோடு மல்லுக்கட்டுகிறான், அது முடிந்தாலும் போதும், ஆனால் இந்த அறையில் அதை இதுவரை யாருமே போடவில்லை, அந்த நிறப் பலூன் எதுவென்றே எனக்குத் தெரியாது, யாருமே போடாததை அவன் போட்டுக்கொண்டிருக்கிறான், ஏனென்றால் எல்லோரும் போட்டதை நான் போடவில்லை. படி. இரண்டாம் பக்கம் மேல் வரி. எண்ணிக்கையை வைக்கிற பெட்டி சின்னதோ, பெரிய எண் வழிந்துவிடுகிறதோ. இல்லை, மணிகளின் எண்ணிக்கையைவிட விடை பெரிதாக வராது, வழியாது. இதை ஏற்கெனவே பார்த்தேன். எப்போது பார்த்தேன், சற்று முன்பு, ஓரத்தில் பென்சிலால் டிக் போட்டிருக்கிறேன். டிக் போட்டதையே திரும்பப் பார்க்கிறேன். வாலில் தொடங்குவதை விட்டுவிட்டேனா, விட்டுவிட்டேன், டிக். துடைத்தேனா, துடைத்தேன், டிக். முழுச் சொல்லும் பொருந்தியபிறகு பூஜ்யத்துக்குப் போகாமல் அட்டவணைப்படி பின்வாங்குகிறேனா, ஆமாம், டிக். இந்தத் தாளில் டிக் போடாத இடமே இல்லை, முழு மதிப்பெண் வாங்கிய விடைத்தாள் மாதிரி இருக்கிறது, பூஜ்யம்.

யார் என்னை ஸ்ட்ரிங்காரி ஆக்கியது. நானாகத்தான் ஆனேன். இரண்டாம் வருடம் லேபில் மேடம் கரும்பலகையில் இந்த அட்டவணையைப் போட்டுக் காட்டும்போது நடுவில் அவருக்கே குழம்பிவிட்டது, நான் எழுந்து போய் சாக்பீஸை வாங்கி முடித்தேன், வகுப்பு முழுக்க ஓ என்றது, அன்றிலிருந்து ஸ்ட்ரிங் என்றால் இசக்கி. உண்மை என்னவென்றால் முந்தின நாள் ஹாஸ்டலில் அதே பாடத்தைப் படித்திருந்தேன், தற்செயல், ஒரு நாள் முன்னால் படித்ததற்கு ஒரு பட்டம். அந்தப் பட்டத்தைக் காப்பாற்றப் பிறகு நிஜமாகவே படித்தேன்தான், ராவும் பகலும் படித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு குரல், ஏட்டி நீ புத்திசாலி இல்ல, நீ ஒரு நாள் முன்னாடி படிக்கிறவ, அவ்வளவுதான், முன்னாடி படிக்காத கேள்வி வந்தா உன் சாயம் வெளுத்துரும். வெளுக்கிறது. பிளஸ் டூவில் ஊரிலேயே முதல் என்று பேனர் வைத்தார்கள், அப்பாவும் அம்மாவும் அதற்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அந்தப் பேனர் மழையில் வெளுத்தபோது கூட எனக்கு இப்படி இருக்கவில்லை. இந்தக் கணக்கு முன்னாடி படிக்காதது கூட இல்லையே. வளையம். சுற்று. சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுக்கிறது. கண்ணை மூடினால் மணிகள் போகின்றன, எல்லாம் ஒரே பக்கமாகப் போகின்றன.

அப்பா ஓட்டியதும் சுற்றுப் பஸ்தான், மினி பஸ், ஜங்ஷனில் கிளம்பி டவுன் போய் பேட்டை போய் மறுபடி ஜங்ஷன், நாள் முழுக்க அதே சுற்று. ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிக்கொள்வார், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இன்ஜின் சூட்டில் உட்கார்ந்துகொண்டு நான் நிறுத்தங்களின் பெயர்களைப் பாட்டாகப் பாடிக்கொண்டே வருவேன், ஜங்சன், பாலம், ஆர்ச்சு, டவுனு, ஒரு நிறுத்தம் விடாமல், பிறகு எனக்கே ஒரு வெறி வந்து ஜங்ஷனில் நிறுத்தாமல் மேலே பாடிக்கொண்டே போவேன், பாலம், ஆர்ச்சு, டவுனு, கண்டக்டர் செல்லையா மாமா சிரிப்பார், "எண்ணே, வண்டி ரவுண்டு முடிஞ்சிட்டு, ஒம்ம மவ பாட்டு முடியலய." அப்பா திரும்பாமலே சொல்வார், "பாட்டுப் படிக்கட்டும், ரவுண்டு எத்தன வேணும்னாலும் போவும்லா." வண்டிச் சுற்றைவிடப் பாட்டு நீளம். இப்போது எதற்கு இது, நேரம் போகிறது, அப்பாவும் பஸ்ஸும், படி, வரியைப் படி. வண்டிச் சுற்றைவிடப் பாட்டு நீளம். இரு. இரு இரு. பாட்டு நீளம். கேள்வித்தாள் எங்கே, ஜெபாவின் தாள்களுக்கு அடியில் கிடக்கிறது, இழுக்கிறேன், கடைசிப் பத்தி, மணிகள் ஒன்றிலிருந்து பத்து லட்சம் வரை, சொல்லின் நீளம் ஒன்றிலிருந்து பத்து லட்சம் வரை. இரண்டுக்கும் ஒரே வரம்பு. சொல் வளையத்தைவிடச் சின்னது என்று எங்கே போட்டிருக்கிறது. எங்கேயும் இல்லை. நானாக எடுத்துக்கொண்டேன். தேடுகிற பொருள், தேடுகிற இடத்தைவிடச் சின்னதாகத்தான் இருக்கும் என்று யாரும் சொல்லாமல் நானாக எடுத்துக்கொண்டேன். வளையத்தில் இரண்டே மணி, ஒன்றில் ஏ, ஒன்றில் பி. சொல் ஏபிஏபிஏ. ஏயில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வந்தால் படித்துவிடலாம், விடை ஒன்று. என் நிரல் என்ன செய்யும், வளையத்தை இரண்டு தடவை மட்டும் எழுதும், ஏபிஏபி, நாலு எழுத்து, அதற்குள் ஐந்து எழுத்தைத் தேடும், இல்லை என்று சொல்லும், பூஜ்யம். இரண்டு தடவை போதாது. சொல்லுக்கு எத்தனை சுற்று வேண்டுமோ அத்தனை சுற்று விட வேண்டும். ஒரே ஒரு வரி. பழைய வரியை அடித்து மேலே பென்சிலால் எழுதுகிறேன், எழுத்து கோணிக்கொண்டு போகிறது, எழுதிவிட்டேன்.

கிடைத்துவிட்டது. இதுதான். இதுதானா? மறுபடி ஏபிஏபிஏ போட்டுப் பார்க்கிறேன், வருகிறது. ஒரே மணி போட்டுப் பார்க்கிறேன், வருகிறது. சுவரில் பெரிய கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது, இருக்கிற நேரத்தில் உட்கார்ந்து, கோப்பைத் திறந்து, ஒரு வரி மாற்றி, அனுப்பலாம், இடம் உடனே கிடைத்தால். சந்தோஷம் வர வேண்டுமே, எங்கே. நெஞ்சில் குபுக்கென்று ஒன்று வந்தது, வந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது, ஏனென்றால் இது பழக்கப்பட்ட குபுக். முதல் தடவையும் இதே இடத்தில் இப்படியேதான் வந்தது. இரண்டாம் தடவையும். அப்போதும் இதுதான் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. தெரிந்தது போல இருப்பதற்கும் தெரிந்ததற்கும் உள்ளே ஏதாவது வித்தியாசம் இருக்குமா என்று தேடுகிறேன், ஒரு மயிரளவு வித்தியாசம் கிடைத்தாலும் போதும், கிடைக்கவில்லை, இரண்டும் ஒன்று போலவே இருக்கின்றன. இன்னொரு ஓட்டை இருந்தால்? நான் நானாக எடுத்துக்கொண்ட இன்னொன்று இருந்தால்? தெரியாமல் எடுத்துக்கொண்டதைத் தேடுவது எப்படி, அது தெரியாதே. "அனிபா." திரும்பவில்லை. "ஏல அனிபா." கை நின்றது. "கிடைச்சிட்டு." அவன் நாற்காலியோடு பாதி திரும்பினான், கண் இரண்டும் சிவந்திருந்தது, சட்டையின் கழுத்துப் பட்டன் இன்னும் போட்டபடியே இருந்தது. ஜெபா திரையிலிருந்து விரலை எடுக்கவே இல்லை, ஏதோ ஒரு கோணத்தை முணுமுணுத்துக்கொண்டு நின்றான். அனிபா கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கோபமே இல்லை, எழுந்திருக்கத் தயாராகக் கையைக் கூட மேசையில் ஊன்றிவிட்டான். "தெரியுமா?" என்றான்.

சொல்லேன். சொல்லு இசக்கி. ஒரு சொல். இப்போது அவன் எழுந்தால் அவன் கணக்கு போய்விடும், அவன் முடிக்கிற நிலையில் இருக்கிறான், தோளைப் பார்த்தாலே தெரிகிறது, இதுவும் தப்பானால் அவனிடம் இரண்டும் இருக்காது, மதுரையும் இருக்காது, நான் அவனிடமிருந்து எத்தனைதான் பிடுங்குவது. ஆனால் இது சரி. சரி என்று எப்படித் தெரியும். ஏபிஏபிஏ. அது ஒரு உதாரணம்தானே, போன தடவையும் உதாரணம் சரியாகத்தான் வந்தது. அவன் முகத்தில் அந்த வெளிச்சம் மறுபடி வரத் தொடங்கியது, நான் இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் வரத் தொடங்கிவிட்டது, அது அணைவதை மூன்றாவது தடவை பார்க்க என்னால் முடியாது. "தெரியல" என்றேன். அவன் ஊன்றிய கையை எடுத்தான். "சரி, இரு. இன்னும் ரெண்டே வரிதான், முடிச்சிட்டுத் தாரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான், அவ்வளவு தன்மையாகச் சொன்னான், அந்தத் தன்மை என்னைக் கொன்றது. தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வரி நான்கு வரி ஆகிறது. ஜெபா அங்க இல்ல இங்க என்கிறான். இப்போது சொல்லலாம். இப்போதும் சொல்லலாம். ஏல, தெரியும்ல எந்திரி. நாக்கு வாய்க்குள் செத்துக் கிடக்கிறது. அனிபா அனுப்பினான். திரையில் காத்திருக்கவும் என்று வந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தபோதே போட்டி முடிகிற மணி அடித்துவிட்டது, அறை முழுக்க நாற்காலிகள் இழுபட்டன, யாரோ எங்கேயோ ஒரு பலூனை உடைத்தார்கள், அதற்கு அப்புறம்தான் பதில் வந்தது, சிவப்பில்.

ஜெபா தாள்களை அடுக்கத் தொடங்கினான், அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினான். முன்வரிசைச் சென்னைப் பையன்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள், "அந்த ரிங்கு கணக்குல வேர்டு ரிங்க விட நீளமா வரும்டா, அதுல தான் பாதிப் பேர் மாட்டியிருப்பான்" என்று ஒருத்தன் சொல்லிக்கொண்டே போனான், சிரிப்போடு, யாரையும் புண்படுத்துவதற்காக இல்லை. அனிபா தலையைத் தூக்கினான். என் பக்கம் கையை நீட்டினான், தாளுக்காக. கொடுக்காமல் இருக்க முடியுமா, கொடுத்தேன். பென்சிலால் எழுதியிருந்த வரியை விரல் வைத்துப் படித்தான், ஒரு தடவைதான் படித்தான், அவனுக்கு ஒரு தடவை போதும். "சரியாத்தான் எழுதியிருக்க" என்றான். நான் அழுவேன் என்று நினைத்தேன், அழுகைகூட வரவில்லை. அவன் தாளை இரண்டாக மடித்து என்னிடமே கொடுத்தான், "ஏன் தெரியலன்னு சொன்ன?" என்று கேட்பான் கேட்பான் என்று காத்திருந்தேன், அவன் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவன் காலில் விழுந்திருப்பேன்.

வாசலில் வரிசையில் நின்று காலையில் கொடுத்துவைத்த கைபேசிகளை வாங்கிக்கொண்டோம். வெளியே நல்ல வெயில், பஸ்ஸுக்குப் போகிற பாதையில் வேப்பமரத்து நிழலில் ஜெபா உட்கார்ந்துவிட்டான், செருப்பால் மண்ணைக் கிளறினான். அனிபா கைபேசியை உயிர்ப்பிக்காமல் கையிலேயே வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றான். "கம்பெனியில என்ன கேட்டாவன்னு உம்மா கேப்பா" என்றான், என்னைப் பார்க்காமல். "ஒரு கேள்வியாவது ஒழுங்காச் சொல்லணும், இல்லன்னா கண்டுபிடிச்சிருவா." என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "வளையத்துல மணி கோத்திருக்கும், அதுல ஒரு வார்த்தையத் தேடணும்னு கேட்டாவன்னு சொல்லு" என்றேன். அவன் தலையாட்டினான். "கணக்கப் போட்டியான்னு கேப்பாள்ளா." "போட்டுட்டேன்னு சொல்லு" என்றேன். அவன் கைபேசியை உயிர்ப்பித்தான், அது கையிலேயே அடிக்கத் தொடங்கியது, உம்மா காலையிலிருந்து காத்திருந்திருப்பாள். அவன் தள்ளிப் போகவில்லை, என் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினான், ஆமா உம்மா, சாப்பிட்டேன் உம்மா, மதுரையில வெயில்தான் என்றான். பிறகு மணி வளையத்தைச் சொன்னான், வார்த்தை வளையத்தைவிடப் பெரிதாக இருந்தால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நிதானமாக, அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னான், நல்ல வாத்தியார் ஆவான் போல. "எல்லாரும் அதுலதான் விட்டுட்டாவ, நான் போட்டுட்டேன்" என்றான். அந்தப் பக்கம் உம்மா என்னவோ சொன்னாள், அவன் சிரித்தான். "இல்ல உம்மா, ஈசியாத்தான் இருந்துச்சு. ஒரே ஒரு வரி."